பிரின்ஸ்டனில் ஒரு கழித்தல் குறி

பருப்பொருளின் உள்ளே – தொடர் 19

1968 ஆகஸ்டில் வியன்னா மாநாட்டில், ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கியின் முதல் முடிவுகளை அதன் இயக்குநர் வொல்ஃப்காங் பனோஃப்ஸ்கி அறிவித்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். மூன்று கிலோமீட்டர் நீளக் குழாயில் முடுக்கிவிடப்பட்ட எலெக்ட்ரான்கள் புரோட்டான்கள்மீது மோதின. புரோட்டானின் மின்னூட்டம் அதன் உடல் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால், எலெக்ட்ரான்கள் லேசாகத் தடம் விலகிப் போயிருக்கும். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானவை பெரிய கோணங்களில் தெறித்து வந்தன. 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் கருவைக் கண்டுகொண்டதும் இதே வகைத் தெறிப்பை வைத்துத்தான். புரோட்டானுக்குள் புள்ளி போன்ற துகள்கள் இருக்கின்றன என்று ரிச்சர்டு ஃபைன்மன் உடனே சொன்னார். குவார்க் என்ற பெயரைச் சொல்லப் பலர் தயங்கிய காலம் அது. அவர் பார்ட்டான் என்று பொதுப்பெயர் வைத்தார்.

துகள்கள் இருந்தது ஒரு செய்தி. அவை நடந்துகொண்ட விதம் அதைவிடப் பெரிய செய்தி. மோதிய எலெக்ட்ரானுக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத, கட்டற்ற துகள்களாகத் தெரிந்தன. ஜேம்ஸ் பியோர்கன் முன்கூட்டியே எழுதிவைத்த கணக்கும் அதையே சொன்னது. அப்படியானால் ஒரு நல்ல அடி கொடுத்தால் அவற்றுள் ஒன்றாவது வெளியே வந்து விழுந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. காஸ்மிக் கதிர்களில் தேடினார்கள், கடல்நீரில் தேடினார்கள், விண்கற்களை உடைத்துத் தேடினார்கள். மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் கொண்ட தனிக் குவார்க் எங்குமே அகப்படவில்லை.

முளையில் கட்டிய கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முளைக்குப் பக்கத்தில் நிற்கும்வரை கயிறு தொய்ந்து கிடக்கும். கன்று கட்டற்றதுபோல மேயும். விலகி ஓடும்போதுதான் கயிறு இழுக்கும். குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசை அப்படித்தான் இருந்தாக வேண்டும்: கிட்டத்தில் தளர்ச்சி, எட்டப் போனால் இறுக்கம். ஆனால் இயற்பியலுக்குத் தெரிந்த எந்த விசையும் அப்படி இல்லை. ஈர்ப்பு விசையானாலும் மின்விசையானாலும் தொலைவு கூடினால் வலுக் குறையும். நெருங்கினால் கூடும்.

குவாண்டம் கணக்கு இதை இன்னும் மோசமாக்கியது. வெற்றிடம் என்று நாம் சொல்வது உண்மையில் வெறுமை அல்ல. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் இணையாகத் தோன்றி மறைந்துகொண்டே இருக்கும் களம் அது. அதில் ஒரு மின்னூட்டத்தை வைத்தால், சுற்றியுள்ள இணைகளில் எதிர் மின்னூட்டங்கள் அதை நோக்கித் திரும்பி அதன் வலிமையைக் கொஞ்சம் மறைத்துவிடும். தொலைவில் இருந்து பார்ப்பவருக்கு மின்னூட்டம் குறைவாகத் தெரியும். திரையை ஊடுருவி உள்ளே போகப் போக அது கூடிக்கொண்டே வரும். இது வெறும் கற்பனை இல்லை. மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் எண் சாதாரணத் தொலைவில் 137-இல் ஒரு பங்கு. மிக உயர்ந்த ஆற்றலில், மிகச் சிறிய தொலைவில் அளந்தால் அது ஏறத்தாழ 128-இல் ஒரு பங்கு.

இந்தக் கூடுதலைத் தொடர்ந்து கணக்கிட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? 1950-களின் நடுவில் மாஸ்கோவில் லெவ் லந்தாவும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் செய்துபார்த்தார்கள். ஓர் எல்லையில் வலிமை முடிவிலியைத் தொட்டுவிடுகிறது. இந்தக் கணக்குக்கு அடிப்படையான புலக் கோட்பாடு உள்ளுக்குள்ளேயே உடைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1960-இல் வெளியான, இயற்பியலாளர் பௌலியின் நினைவுத் தொகுப்பில் லந்தாவ் தீர்ப்பையே எழுதிவிட்டார்: வன்விசையைப் பொறுத்தவரை அந்த முறை செத்துவிட்டது, உரிய மரியாதையோடு அடக்கம் செய்துவிட வேண்டியதுதான். லந்தாவ் சொல்லுக்கு அன்று இருந்த எடை சாதாரணமானது அல்ல. பெர்க்லியில் ஜெஃப்ரி ச்யூ இன்னும் ஒரு படி மேலே போனார். அடிப்படைத் துகள் என்று எதுவுமே கிடையாது, எல்லாத் துகள்களும் ஒன்றையொன்று ஆக்கிக்கொள்கின்றன, ஆகவே புலக் கோட்பாடே தேவையில்லை என்பது அவர் கொள்கை. 1960-களில் வன்விசை ஆய்வில் கொடி பறந்தது அவர் பக்கம்தான்.

அந்த ச்யூவின் மாணவர் டேவிட் கிராஸ். 1966-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, 1969-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். ஸ்டான்ஃபோர்டு முடிவுகள் அவரைத் தூங்கவிடவில்லை. குவார்க்குகள் உண்மைதான் என்று அவர் மனம் ஒப்பியது. ஆனால் அவை கிட்டத்தில் கட்டற்றவையாக இருப்பதை எந்தப் புலக் கோட்பாட்டாலும் விளக்க முடியாது என்றும் அவர் நம்பினார். ஆகவே ஒரு திட்டம் போட்டார். புலக் கோட்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதிலும் விசை கிட்டத்தில் தளராது என்று நிறுவிவிடுவது. நிறுவிவிட்டால் லந்தாவின் தீர்ப்பு கணிதமாகவே உறுதியாகிவிடும். புலக் கோட்பாட்டை அடக்கம் செய்துவிடலாம். இதை அவரே பின்னாளில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

இந்தத் தொடரில் நாம் சந்தித்தவர்களில் பலர் ஒன்றைக் கட்ட முயன்று வேறொன்றைக் கட்டியவர்கள். இடிக்கப் போன இடத்திலேயே கோபுரத்தைக் கண்டவர் கிராஸ் ஒருவர்தான். அதனால்தான் இந்த அத்தியாயத்தை அவரை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு விசையின் வலிமை, ஆற்றல் கூடும்போது எந்தப் பக்கம் மாறுகிறது என்று காட்டும் கணக்குக்கு பீட்டா சார்பு என்று பெயர். கூட்டல் குறி வந்தால், கிட்டே போகப் போக விசை வலுக்கும். கழித்தல் குறி வந்தால் தளரும். கிராஸ் தேடியது எல்லாக் கோட்பாடுகளுக்கும் கூட்டல் குறியை. ஹார்வர்டைச் சேர்ந்த சிட்னி கோல்மன் 1973 வசந்தத்தில் விடுப்பில் பிரின்ஸ்டனுக்கு வந்திருந்தார். இருவரும் சேர்ந்து ஒரு வகையைத் தவிர மற்றதையெல்லாம் முடித்தார்கள். எங்கும் கூட்டல் குறியே வந்தது. விடுபட்ட அந்த ஒரு வகை யாங்–மில்ஸ் கோட்பாடு.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென் நிங் யாங்கும் ராபர்ட் மில்ஸும் 1954-இல் புரூக்ஹேவனில் எழுதியது அது. மின்காந்தக் கோட்பாட்டில் விசையைச் சுமந்து செல்லும் ஃபோட்டானுக்குத் தனக்கென மின்னூட்டம் இல்லை. யாங்–மில்ஸ் கோட்பாட்டில் விசையைச் சுமக்கும் துகள்களுக்கே அந்த ஊட்டம் உண்டு. ஆகவே அவை ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும், இணையும், பிரியும். அழகான கணிதம். ஆனால் 1954 பிப்ரவரியில் பிரின்ஸ்டனில் யாங் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், முன்வரிசையில் இருந்த வொல்ஃப்காங் பௌலி குறுக்கிட்டு, அந்தப் புலத்தின் நிறை என்ன என்று கேட்டார். யாங்கிடம் பதில் இல்லை. பௌலி விடவில்லை, மறுபடி கேட்டார். யாங் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்தே விட்டார். ஓப்பன்ஹைமர் தலையிட்ட பிறகுதான் கூட்டம் தொடர்ந்தது. கேள்வி நியாயமானது. நிறை பூச்சியம் என்றால், ஒளியைப் போல நெடுந்தொலைவு பாயும் புதிய விசை ஒன்று உலகத்தில் தெரிய வேண்டும். அப்படி எதுவும் தெரியவில்லை. நிறை உண்டு என்றால் கணிதத்தின் சமச்சீர்மை கெடுகிறது. அந்தக் கேள்வியோடு கோட்பாடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓரத்தில் கிடந்தது. 1971-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஹெரார்டு ட் ஹூஃப்ட் என்ற மாணவர், தம் ஆசிரியர் மார்ட்டினஸ் வெல்ட்மனின் வழிகாட்டலில், இத்தகைய கோட்பாடுகளில் முடிவிலிகளைக் களைந்து ஒழுங்காகக் கணக்குப் போட முடியும் என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் பீட்டா சார்பையும் துணிந்து கணக்கிட வழி பிறந்தது.

கிராஸ் இந்தக் கடைசி வகையைத் தம் முதல் ஆய்வு மாணவர் ஃபிராங்க் வில்செக்கோடு சேர்ந்து எடுத்துக்கொண்டார். வில்செக் கணிதம் படிக்கப் பிரின்ஸ்டனுக்கு வந்து, கிராஸின் வகுப்பில் உட்கார்ந்து, இயற்பியலுக்குத் தாவியவர். வயது 21. கணக்கு மிகக் கடினமானது என்று சொல்ல முடியாது. இன்று முதுகலை மாணவர்கள் வீட்டுப்பாடமாகப் போடுகிறார்கள். ஆனால் அன்று பாதை புதியது. பல பகுதிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஓரிடத்தில் குறி பிசகினால் முடிவே தலைகீழாகும். கேட்ட கேள்விக்கு வரவேண்டிய விடை ஓர் எண்கூட அல்ல, ஒரு குறி மட்டும்.

அதே நேரத்தில் ஹார்வர்டில் கோல்மனின் மாணவர் டேவிட் பொலிட்சர் தனியாக அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். வயது 23. ஸ்டான்ஃபோர்டு புதிர் அவரை இழுக்கவில்லை. யாங்–மில்ஸ் கோட்பாட்டில் வெற்றிடத்தின் தன்மை என்ன என்ற வேறொரு கேள்வி அவரைக் கொண்டுவந்து விட்டிருந்தது. அடுத்து நடந்ததை அவரே தம் நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். கழித்தல் குறி வந்ததும் பிரின்ஸ்டனில் இருந்த கோல்மனுக்குத் தொலைபேசியில் சொன்னார். கோல்மன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிராஸும் அவர் மாணவரும் இதையே முடித்துவிட்டார்கள், அவர்களுக்குக் கூட்டல் குறி வந்திருக்கிறது என்றார். அனுபவசாலி ஒருவரும் மாணவரும் சேர்ந்து போட்ட கணக்கு ஒரு பக்கம், தனி மாணவரின் கணக்கு மறுபக்கம். தவறு யாருடையதாக இருக்கும் என்று கோல்மன் எண்ணியதில் வியப்பில்லை. பொலிட்சர் மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார். சுமார் ஒரு வாரம் கழித்து, தவறு எதுவும் இல்லை என்று சொல்ல அழைத்தார். தெரியும், பிரின்ஸ்டன்காரர்கள் தங்கள் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி, கட்டுரையையும் அனுப்பிவிட்டார்கள் என்று கோல்மன் பதில் சொன்னார்.

பிரின்ஸ்டன் கட்டுரை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ அலுவலகத்துக்கு 1973 ஏப்ரல் 27-இல் வந்து சேர்ந்தது. பொலிட்சருடையது மே 3-இல். இரண்டும் ஜூன் 25 இதழில் அடுத்தடுத்து அச்சாயின. இரண்டும் சேர்ந்து பத்துப் பக்கம்கூட வராது.

அந்தப் பக்கங்கள் சொன்னதைச் சுருக்கமாக எழுதலாம். மூன்று ‘நிறங்கள்’ கொண்ட குவார்க்குகளுக்கு, விடையின் மையத்தில் 33 – 2n என்ற கோவை வருகிறது. n என்பது குவார்க் வகைகளின் எண்ணிக்கை. 33 என்பது விசையைச் சுமக்கும் துகள்களான குளுவான்களின் பங்கு. குவார்க்குகள், மின்காந்தத்தில் எலெக்ட்ரான்களைப் போலவே, விசையைத் திரையிட்டு மறைக்கின்றன. குளுவான்கள் அதற்கு நேர்மாறாக, மூல ஊட்டத்தைச் சுற்றிலும் பரப்பி, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதைப் பெருக்கிக் காட்டுகின்றன. பக்கத்தில் போனால் அந்தப் பரப்பெல்லாம் பின்னால் நின்றுவிடும். எதிரே மிஞ்சுவது சொற்பம். குவார்க்குகள் 16 வகைக்கு மிகாதவரை குளுவான்களே வெல்லும். 1973-இல் தெரிந்தவை மூன்று. இன்று ஆறு.

குளுவான் ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் சில ஆண்டுகள் கழித்து வந்தது. குளுவானுக்குத் தற்சுழற்சி உண்டு, ஊட்டமும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். வெற்றிடத்தில் தோன்றி மறையும் குளுவான்கள், புலத்தின் திசைக்கேற்பத் திரும்பி நின்று, அந்தப் புலத்தை வலுப்படுத்தும். காந்தப் பக்கம் வெற்றிடம் இப்படி நடந்துகொண்டால், ஒளியின் வேகம் மாறக்கூடாது என்ற சார்பியல் விதியால் மின்பக்கம் அது நேர்மாறாக நடந்தாக வேண்டும். மறைப்பதற்குப் பதில் பெருக்க வேண்டும். ஐந்து பக்கம் கணக்குப் போட்டுத்தான் வந்த குறி, இப்படிப் பார்த்தால் வேறெப்படியும் வந்திருக்க முடியாது என்று தோன்றிவிடுகிறது.

கிராஸ் இடிக்க வந்த கட்டடம் இதுதான். அதன் கடைசி அறையைத் திறந்து பார்த்தபோது, ஸ்டான்ஃபோர்டு கேட்ட பொருள் உள்ளே இருந்தது. அதுமட்டுமல்ல, நான்கு பரிமாண வெளியில் யாங்–மில்ஸ் வகையைச் சேர்க்காத வேறெந்தப் புலக் கோட்பாட்டிலும் அது இல்லை என்று கோல்மனோடு அவர் ஏற்கெனவே செய்த வேலை காட்டிவிட்டது. ஆகவே வன்விசைக்குத் தேர்வு செய்யப் பல கோட்பாடுகள் இல்லை. ஒன்றே ஒன்று. எதிரியின் மேல் தொடுத்த கணைகளெல்லாம் அதற்கு அரணாகிவிட்டன.

ஆனால் அந்தக் கழித்தல் குறி 1973-இல் முதல்முறையாக எழுதப்பட்டது அன்று.

1965-இல் சோவியத் இயற்பியலாளர்கள் வன்யாஷினும் தெரெந்தியெவும் இதே வகையான ஒரு கணக்கைப் போட்டு, குறி தலைகீழாக வருவதைப் பார்த்தார்கள். பார்த்ததைக் கோட்பாட்டின் குறையாக எடுத்துக்கொண்டார்கள். 1969-இல் நொவொசிபீர்ஸ்கில் யோசிஃப் கிரிப்லோவிச் இரண்டு நிற வகைக்குச் சரியாகவே கணக்கிட்டு, மறைத்தலும் பெருக்கலும் தனித்தனியே எங்கிருந்து வருகின்றன என்றுகூடக் காட்டினார். அப்போது ஸ்டான்ஃபோர்டு முடிவுகள் வெளியாகி ஓராண்டு ஆகிவிட்டது. இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ட் ஹூஃப்ட்டின் கதை இன்னும் மனத்தைத் தைக்கிறது. 1972 ஜூனில் மார்செய் நகரில் ஒரு கூட்டம். ஹாம்பர்க்கிலிருந்து வந்த குர்ட் சிமன்சிக், கிட்டத்தில் தளரும் விசைக்கு ஒரு மாதிரிக் கோட்பாட்டை முன்வைத்துப் பேசினார். அதில் வேறு கோளாறுகள் இருந்தன, அவருக்கே தெரியும். பேச்சு முடிந்ததும் ட் ஹூஃப்ட் எழுந்து, யாங்–மில்ஸ் கோட்பாட்டில் இது இயல்பாகவே வருகிறது என்று சொல்லி, அதன் குறியையும் சொன்னார். சிமன்சிக் அசந்துபோனார். உடனே எழுதி வெளியிடு, இல்லாவிட்டால் வேறு யாராவது வெளியிட்டுவிடுவார்கள் என்று வற்புறுத்தினார். ட் ஹூஃப்ட் எழுதவில்லை. அவரும் வெல்ட்மனும் ஈர்ப்பு விசையின் குவாண்டம் கணக்கில் மூழ்கியிருந்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து அது வேறு பெயர்களில் அச்சில் வந்தது.

அப்படியானால் கண்டுபிடித்தவர் யார்? ட் ஹூஃப்ட்தான் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. மார்செயில் அவர் சொன்னது ஒரு கோட்பாட்டின் குணத்தை. கிராஸும் வில்செக்கும் பொலிட்சரும் எழுதியது இயற்கையின் ஒரு குணத்தை: புரோட்டானுக்குள் எலெக்ட்ரான்கள் கண்ட அமைதிக்குக் காரணம் இந்தக் குறிதான் என்று. விடை நாலு மேசைகளில் கிடந்தது. கேள்வியைச் சுமந்துகொண்டு நடந்தவர்களுக்கே அது விடையாகத் தெரிந்தது. கிரிப்லோவிச்சின் கட்டுரையை 1969-இலேயே பியோர்கன் படித்திருந்தால் வரலாறு நான்கு ஆண்டு முந்தியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பனிப்போர்க் காலத்தில் நொவொசிபீர்ஸ்குக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே அறிவியல் இதழ்கள் போய்வந்தன, மொழிபெயர்க்கவும் பட்டன. ஆனால் மனிதர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை.

இனி ‘நிறம்’. அதை விளக்காமல் மூன்று நிறக் குவார்க் என்று மேலே எழுதிவிட்டேன். தொடர் 17-இல் ஒமேகா மைனஸ் துகளைப் பார்த்தோம். அதற்குள் மூன்று விந்தைக் குவார்க்குகள், மூன்றும் ஒரே திசையில் சுழல்கின்றன. ஒரே நிலையில் இரண்டு குவார்க்குகள்கூட இருக்கக் கூடாது என்பது பௌலியின் விலக்கு விதி. இங்கே மூன்று. 1964-இல் ஆஸ்கர் கிரீன்பெர்க்கும், 1965-இல் மூ-யங் ஹானும் யோய்ச்சிரோ நம்புவும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: குவார்க்குகளுக்கு இன்னொரு பண்பும் உண்டு, அது மூன்று வகை. அந்த மூன்றும் வெவ்வேறாக இருப்பதால் விதி மீறப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் நிறத்தோடு இதற்குத் தொடர்பில்லை. பெயர் மட்டும் பின்னால் நிலைத்தது.

மூன்று என்ற எண்ணுக்கு வலுவான சாட்சி நடுநிலைப் பயான் என்ற துகள் தந்தது. அது இரண்டு ஃபோட்டான்களாகச் சிதையும் வேகத்தைக் கணக்கிட்டால், நிறம் இல்லாத குவார்க்குகளுக்கு வரும் விடை அளவீட்டைவிட ஒன்பது மடங்கு குறைவு. மூன்று நிறம் வைத்தால், மூன்றின் வர்க்கமான ஒன்பது வந்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது. மரே கெல்-மன், வில்லியம் பார்டீன், ஹரால்ட் ஃபிரிட்ஸ்ச் மூவரும் 1972-இல் இதை எடுத்துக் காட்டினார்கள்.

ஃபிரிட்ஸ்ச்சைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். 1968-இல் நண்பர் ஒருவருடன் மடக்குப் படகில் பல்கேரியக் கரையிலிருந்து கருங்கடலில் இறங்கி, துருக்கிக்குத் தப்பினார். நான்கே ஆண்டுகளில் கெல்-மன்னின் கூட்டாளியாக, நிறம் என்பது வெறும் எண்ணுக் கணக்கல்ல, அதுவே வன்விசையின் ஊட்டம், எட்டு வகைக் குளுவான்கள் அதைச் சுமக்கின்றன என்ற கருத்தை 1972-இல் சிகாகோ மாநாட்டில் கெல்-மன்னோடு சேர்ந்து முன்வைத்தார். 1973 நவம்பரில் ஹைன்ரிச் லாய்ட்வைலரும் சேர்ந்து மூவராக எழுதிய கட்டுரை, கழித்தல் குறியை நிறத்தோடு இணைத்து, கோட்பாட்டுக்கு முழு உருவம் தந்தது. குவாண்டம் குரோமோடைனமிக்ஸ் என்ற பெயர் கெல்-மன் வைத்தது. தமிழில் குவாண்டம் நிற இயங்கியல் என்று எழுதுகிறோம்.

இப்போது பௌலியின் கேள்விக்கு வருவோம். குளுவானின் நிறை என்ன? தொடக்கத்தில் கண்டுபிடித்தவர்களே தடுமாறினார்கள். குளுவான்களுக்கு நிறை கொடுக்க ஹிக்ஸ் வகைத் துகள்களைச் சேர்த்தால், வந்த கழித்தல் குறி கெட்டுவிடக்கூடும். சில மாதங்களில் கிராஸும் வில்செக்கும், தனியாக ஸ்டீவன் வைன்பர்க்கும், துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நிறை பூச்சியமே இருக்கட்டும். கிட்டத்தில் தளரும் விசை எட்டத்தில் இறுகுகிறது என்றால், நிறமுள்ள எதுவும் தனியாக வெளியே வரவே முடியாது. குவார்க்கும் வராது, குளுவானும் வராது. நெடுந்தொலைவு பாயும் விசையை நாம் பார்க்காததற்கு அதுவே காரணம். யாங் பதில் தெரியாமல் உட்கார்ந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு பதில் கிடைத்தது.

எட்டத்தில் அந்த இறுக்கம் எவ்வளவு? இன்று தெரிந்த கணக்குப்படி, இரண்டு குவார்க்குகளை விலக்க ஏறத்தாழ 16 டன் எடையைத் தாங்கும் அளவு விசை வேண்டும். அதுவும் ஒரு புரோட்டானுக்குள் அடங்கும் துகள்களுக்கு இடையே. தொடர்ந்து இழுத்தால் அந்த ஆற்றலிலிருந்தே புதிதாக ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிறந்து, விலகியவற்றோடு ஒட்டிக்கொள்ளும். கையில் மிஞ்சுவது முழுத் துகள்கள்தான்.

சான்றுகள் வேகமாக வந்தன. 1974 நவம்பர் 11-இல் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் பர்ட்டன் ரிக்டர் குழுவும் ஒரே துகளை அறிவித்தன. ஜே/சை என்ற அந்தத் துகள் புரோட்டானைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. ஆனால் வழக்கத்தைவிட மிக அதிக நேரம் உயிரோடு இருந்தது. அதற்குள் நான்காவது வகைக் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் மிக நெருக்கமாக இருந்தன. நெருக்கத்தில் விசை தளர்வதால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள நேரம் பிடித்தது. தாமஸ் ஆப்பெல்குவிஸ்டும் பொலிட்சரும் இந்த விளக்கத்தை எழுதினார்கள். எந்த வெற்றிடக் கேள்விக்காகக் கணக்குப் போடத் தொடங்கினாரோ அதை விட்டுவிட்டுப் பொலிட்சர் சோதனைச்சாலைக்குள் வந்துவிட்டிருந்தார்.

குளுவானைக் ‘கண்டது’ 1979-இல், ஹாம்பர்க்கின் டேசி ஆய்வகத்தில். பெட்ரா முடுக்கியில் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிறக்கும்போது, துகள்கள் இரண்டு எதிரெதிர்த் தாரைகளாகத் தெறிக்கும். அவற்றுள் ஒன்று வழியில் ஒரு குளுவானை உமிழ்ந்தால் மூன்றாவது தாரை தெரிய வேண்டும் என்று ஜான் எல்லிஸ், மேரி கெயார்டு, கிரஹாம் ராஸ் 1976-இலேயே எழுதியிருந்தார்கள். பெட்ராவில் சோதனை நடத்திய டாசோ குழுவின் பியோர்ன் வீக் 1979 ஜூனில் நார்வேயின் பெர்கன் மாநாட்டில் மூன்று தாரைகள் கொண்ட நிகழ்வைக் காட்டினார். அதே ஆண்டில் அங்கிருந்த மற்ற மூன்று குழுக்களும் உறுதிசெய்தன.

விசை தளரும் அளவையும் அளந்துவிட்டார்கள். புரோட்டானின் நிறைக்கு ஈடான ஆற்றலைப்போல ஏறத்தாழ 97 மடங்கு அளவில் வன்விசையின் வலிமை எண் 0.118. ஒரு புரோட்டானின் அளவு தொலைவில் அது ஒன்றை எட்டி, கணக்கே கைவிட்டுப் போகிறது. இடையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் 1973-இன் கோட்டின் மேல் வந்து உட்காருகிறது.

நோபல் பரிசு 2004-இல்தான் வந்தது. 31 ஆண்டுகள். கிராஸ், பொலிட்சர், வில்செக் மூவருக்கும் பகிர்ந்து அளித்தார்கள். பொலிட்சர் தம் ஏற்புரையின் பெரும்பகுதியைத் தம் கணக்குக்குச் செலவிடவில்லை. யாருக்கு எது உரியது என்று தீர்ப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றிப் பேசினார். அந்த உரையை இயற்பியல் படிக்காதவர்களும் படிக்கலாம். படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆனால் மேலே நான் சர்வசாதாரணமாக எழுதிய ஒரு வாக்கியம் இன்னும் நிறுவப்படவில்லை. கிட்டத்தில் தளரும் விசை எட்டத்தில் குவார்க்கைச் சிறைப்படுத்தியே தீரும் என்பது சோதனை காட்டும் உண்மை, கணினி காட்டும் உண்மை. கணிதம் நிறுவிய உண்மை இல்லை. யாங்–மில்ஸ் கோட்பாட்டைக் கறாரான கணிதமாகக் கட்டி, அதில் நிறை எப்படிப் பிறக்கிறது என்று நிறுவுபவருக்கு 2000-இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் அறிவித்தது. பரிசை இதுவரை யாரும் வாங்கவில்லை. புரோட்டானின் நிறையில் குவார்க்குகளின் சொந்த நிறை நூற்றில் ஒரு பங்குதான். மீதி முழுவதும் குளுவான் புலத்தின் ஆற்றலும் குவார்க்குகளின் ஓட்டமும் என்பதை நினைத்தால், இது ஏட்டுக் கேள்வி அல்ல என்பது புரியும்.

எட்டத்தில் காகிதக் கணக்கு உடைந்துபோகும் அந்த இடத்தில், வெளியையும் காலத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிவைத்துக்கொண்டு 1974-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென்னத் வில்சன் கணக்குப் போடத் தொடங்கினார். அந்தக் கட்டங்களில் இருந்து புரோட்டானின் நிறையை எடுக்க 2008 வரை ஆயிற்று. அடுத்த வாரம் வில்சன்.